ஐந்து பிரஸ் பட்டன்கள்

முதல் மருந்து ஏறிய பிறகு மூன்று நாள் டெய்லர் மாஸ்டர் வாந்தி எடுத்தார். நாலாம் நாள் வாந்தி நின்றது, வாய்க்கொழுப்பு திரும்பியது. "குடல் பிரிஞ்சு வெளியே வந்துடும்னு பார்த்தேன். கெட்டித் தையல் போல, தாங்கிடுச்சு" என்றார். மனைவி சிரித்துவிட்டாள். புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அதோடு சரி.

மறுநாள் தையற்கடையில் கத்திரியைத் தொட்டவர், ஷாக் அடித்த மாதிரி கையை உதறினார். மருந்து ஏறிய உடம்புக்குக் குளிர்ந்த இரும்பு ஆகவில்லை. அவள் கத்திரியை இஸ்திரிப் பெட்டியோடு ஒட்டிவைத்துச் சூடாக்கிக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் ஷாக் போனது, கூடவே உணர்ச்சியும் போனது. விரல் நுனியெல்லாம் மரக்கட்டை. ஊசி குத்தியதையே வெள்ளைத் துணியில் சிவப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"ஆஸ்பத்திரி சிஸ்டர்கிட்ட சொல்லிடலாங்க."

"வாயைத் திறந்தா அவ்வளவுதான். கை மரத்தா மருந்தைக் குறைப்போம்னு அந்தம்மா சொன்னது உன் காதுல விழலையா? துணியைக் குறைச்சா சட்டை பத்துமா? மருந்தைக் குறைச்சா எனக்கு மட்டும் பத்துமா?"

மனுஷன் முப்பது வருஷம் அளவெடுத்தவர், உயிரையும் மீட்டரில்தான் அளப்பார். அவருக்குக் காஜா எடுத்து, பட்டன் வைத்தே காலத்தைக் கழித்தவளுக்கு எதிர்த்துப் பேசத் தெரியவில்லை. அவர் பிழைக்க வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

மருந்து ஏற்றுமுன், விரல் மரத்திருக்கிறதா என்று பார்க்க, சிஸ்டர் சட்டைப் பட்டனைக் கழற்றிப் போட்டுக் காட்டச் சொல்வாள். அதற்கும் மாஸ்டர் வழி வைத்திருந்தார். காஜாத் துளையைத் தைத்து மூடிவிட்டு, மேலே பட்டன் சும்மா பேருக்கு, அடியில் பிரஸ் பட்டன். கட்டைவிரலால் அழுத்தினால் போதும். ஐந்தையும் அவள்தான் தைத்தாள். எந்த வாடிக்கையாளருக்கும் அவ்வளவு சுத்தமாகத் தைத்ததில்லை. தைக்கத் தைக்கத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

சிஸ்டர் முன்னால் மாஸ்டர் பட்டன் போட்டார். 'டக்' சத்தம் கேட்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் இருமல்.

"டெய்லர் கைன்னா சும்மாவா!" என்றாள் சிஸ்டர். பிறகு மாஸ்டர் மனைவி பக்கம் திரும்பினாள். "மரத்துப் போறது ஏதும் இல்லையேம்மா? மறைக்காதீங்க. இப்பவே சொன்னாத்தான் விரலைக் காப்பாத்த முடியும்."

மாஸ்டர் அவளை முறைக்கவில்லை. கண்ணால் கெஞ்சினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை.

"இல்ல சிஸ்டர்."

முழு அளவு மருந்து ஏறியது.

அடுத்த ஒரு வாரம் படுத்த படுக்கை. எழுந்ததும் கடையைத் திறக்கச் சொன்னார். "முழுசா ஏறியிருக்கு. இனிமே பாரு" என்றபடி மேஜைமேல் துணியை விரித்தார். சாக்கட்டியால் இழுத்த கோடு கோணிக்கொண்டு போனது. பார்க்காதவர்போல் துணிக்கடியில் கையை விட்டுத் துழாவினார்.

"கத்திரியை எங்கடி வச்சே? வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்காதே உன்கிட்ட."

எதிரே நின்றவள் குனிந்து பார்த்தாள். துணிக்கடியில் அவருடைய விரல்கள் கத்திரியின் பிடிமேல்தான் இருந்தன.

"இருங்க, தேடித் தரேன்" என்று அலமாரிப் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் அழுதாள்.