காதுக்குப் பின்னால் ராத்திரி

ஆட்டுப்பண்ணைக்காரருக்குப் பகல் இல்லாமல் போய் ஆறேழு வருடம் ஆகிறது. அவர் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு கட்டில் அகலத்துக்கு இருட்டு. அதைத் தாண்டினால் எல்லோருக்கும் போல வெயில். முடிவெட்டுகிறவர் அவரைக் கண்டால் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார். இருட்டை வைத்துவிட்டவள் அவருடைய முதல் மனைவி. வேண்டுமென்றேதான் வைத்தாள், இல்லையென்று அவளும் ஒருநாளும் சொன்னதில்லை.

கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லை. இருவருக்கும் பரிசோதனை நடந்தது. முடிவைக் கேட்கத் தனியாகப் போய்வந்த மனிதர், "அவளுக்குத்தான் கோளாறாம்" என்றார். மாமியார் மருமகளின் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்து, அக்கம்பக்கமெல்லாம் கேட்க "மலடி" என்றாள். அந்தச் சொல்லை அதே வாசலில் திரும்ப வாங்க வைக்காமல் விடுவதில்லை என்று பெட்டியை எடுக்கும்போதே அவள் முடிவு கட்டிவிட்டாள். கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்தாள். ஊசிக்காரி என்று பெயரானது. அவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். அங்கேயும் தொட்டில் ஆடவில்லை.

பகல் நீண்ட ஒரு பருவத்தில் பண்ணைக் கிடாக்கள், செம்மறி, வெள்ளாடு இரண்டுமே, சோம்பிப் போயின. பெட்டை பக்கத்தில் வந்து உரசினாலும் கொட்டாவி விட்டன. ஆஸ்பத்திரி ஊசிக்காரியை மெலடோனினோடு அனுப்பியது. இருட்டினால் உடம்பில் தானாக ஊறுகிற சரக்குதான் அது. அரிசி அளவு குச்சியாகக் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைத்தால், ராத்திரி நீண்டுவிட்டது, இணை சேரும் காலம் வந்துவிட்டது என்று கிடா நம்பிவிடும். விந்துக்கும் வீரியம் கூடும். பெட்டைக்கு ஒன்று, கிடாவுக்கு மூன்று. மற்றவர்கள் வைத்த கிடாக்கள் நம்பியதோடு சரி. இவள் வைத்தவற்றைச் சுற்றி நிஜமாகவே இருட்டியது. வேலையாட்கள் டார்ச் அடித்துத் தீவனம் போட்டார்கள். குச்சி கரைய இருட்டும் கரைந்தது. குட்டிகள் விழுந்ததில் கொட்டில் போதவில்லை.

பண்ணைக்காரர் தீவன அறைக்குப் பின்னால் அவளை மடக்கினார். "எனக்கும் வெச்சு விடேன். டாக்டர் அன்னைக்கு என்னைத்தான் சொன்னாரு. இவளும் போயிடுவா போலிருக்கு. யாருக்கும் தெரிய வேணாம்."

ஊசிக்காரிக்கு அவர் கழுத்தை நெரித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. "வைக்கிறேன். உங்க வாசல்ல, பட்டப்பகல்ல, அத்தையைப் பக்கத்துல உட்கார வெச்சு. கோளாறு யாருக்குன்னு நீங்களே சொல்லணும்" என்றாள்.

பிள்ளை ஆசை யாரை விட்டது? நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முணுமுணுத்தார். "காது கேக்கலை" என்றாள். எதிர்வீட்டு மாடிவரை கேட்கும்படி, கோளாறு தனக்குத்தான் என்றார். மாமியார் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசிக்காரி பஞ்சை எடுத்தாள். "பெட்டைக்கு ஒண்ணு, கிடாவுக்கு மூணு. உங்களுக்கு எத்தனை வைக்கட்டும்?" தெருவே சிரித்தது. தரையைப் பார்த்தபடி "மூணு" என்றார். மனுஷனுக்கு இது பலிக்குமா என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் பையை மூடுவதற்குள் இருட்டிவிட்டது. பிள்ளை பிறக்கவில்லை. இரண்டாம் மனைவி வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்துப் போய்விட்டாள். ஆட்டுக்குக் கரைந்த குச்சி அவருக்குக் கரையவில்லை. தடவிப் பார்த்தால் மூன்றும் அப்படியே இருந்தன. எடுத்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினார். எடுக்கலாம், அத்தை வந்து அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கட்டும் என்று பதில் போனது. கிழவி இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

அவர் நடந்து போனால் தெருக் குழந்தைகள் ராத்திரி என்று நினைத்துத் தூங்கிவிடுவதை ஒரு தாய்தான் முதலில் கவனித்தாள். இப்போது மதியமானால் வீட்டுக்கு வீடு கூப்பிடுகிறார்கள். ஊசிக்காரியும் ஆஸ்பத்திரி டிரைவரைக் கட்டிக்கொண்டு ஒரு மகளைப் பெற்றிருக்கிறாள். மதியத்தில் கண் மூடவே மூடாத பிள்ளை. ஜன்னலைத் திறந்து, "இப்படி வந்து கொஞ்சம் நில்லுங்க, பாப்பா தூங்கட்டும்" என்பாள். அவர் வந்து நிற்பார். அந்த இருட்டில் அவர் முகம் யாருக்கும் தெரியாது. குழந்தை தூங்கியதும் அடுத்த வீட்டுக்கு நகர்வார். அங்கே இரட்டைக் குழந்தைகள். சற்று அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கும்.