சத்தில்லாத சத்தரிசி

காளவாசலில் ஒரு விதை நிறுவனத்தின் ஆய்வகத்தில் தமிழ்வாணி பல வருஷமாக நாற்றுகளின் இலையைக் கிள்ளிச் சோதித்துவந்தாள். ஜிங்க் எனப்படும் துத்தநாகச் சத்தைக் கூட்டும் மரபணு எந்த நாற்றில் இறங்கியிருக்கிறது என்று, அதை ஒட்டியே இருக்கும் மரபணுக் குறியை வைத்துக் கண்டுபிடிப்பாள். குறி இல்லாததைப் பிடுங்கிப் போடுவாள். அப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் தேறியதுதான் அந்த நெல்.

மேலாளர் பாண்டியராஜன் அதைத் தன் பெயரில் அறிவித்துக்கொண்டார். கேட்கப் போனவளை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்க ஆளுகளுக்கு ஏசியில உக்கார வச்சு வேலை குடுத்ததே பெருசும்மா. பிடிக்கலைன்னா கிளம்பு. போறப்ப எந்த மூட்டைன்னு காட்டிட்டுப் போ."

குளிரறையில் பார்வைக்கு ஒன்றுபோலவே இரண்டு விதை மூட்டைகள் இருந்தன; ஒன்று அந்த நெல், இன்னொன்று ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, குறி இல்லாத நெல். குறி இல்லாத மூட்டையைக் காட்டிவிட்டு வெளியேறினாள். மறுபடி சோதித்துப் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை.

அந்த விதை மேலூர்ப் பக்கமெல்லாம் விளைந்து, சத்தரிசி என்று கடைக்கு வந்தது. பேப்பரில் அவர் படம் வரும்போதெல்லாம் தமிழ்வாணி ரசித்துப் பார்த்தாள். இன்னும் ஏறட்டும், விழும்போது ஒரு எலும்பும் மிஞ்சக் கூடாது என்று காத்திருந்தாள்.

கொட்டாம்பட்டியில் சித்தி மகள் பாண்டிமீனாவைப் பார்க்கப் போனாள். அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்து அவள் குழந்தை துரும்பாகக் கிடந்தது.

"டாக்டர் குடுத்த ஜிங்க் மருந்த நிறுத்திட்டேன்க்கா. அதான் அரிசியிலயே இருக்காமுல்ல."

"இந்த அரிசிய நம்பாத. மருந்த இப்பவே குடு" என்றாள் தமிழ்வாணி. அதற்குமேல் காத்திருக்க முடியவில்லை. வேறொரு ஆய்வகத்தில் அரிசியைச் சோதிக்கக் கொடுத்து முடிவை வாங்கிக்கொண்டு, மேலூரில் பாண்டியராஜனுக்கு நடந்த பாராட்டு விழாவில் போய் நின்றாள்.

"இதுல சாதா அரிசிக்கு மேல ஒண்ணுமில்ல" என்று அந்த முடிவை எல்லார் முன்னாலும் படித்தாள்.

பாண்டியராஜன் எழுந்துவிட்டார். "இவதான்யா மூட்டைய மாத்திக் காட்டிட்டா."

"ஆமா, நான்தான் காட்டுனேன். நெல்லக் கண்டுபிடிச்சது நீங்கதான? உங்க நெல்லு உங்களுக்கே தெரியலையா சார்?"

அந்த வாரமே அவர் வேலை போனது. அவர் முகம் வெளுத்ததை நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது.

பாண்டிமீனாவைப் பார்க்க மறுபடி போனபோது, அவள் வாசலை மறித்து நின்றாள்.

"அந்தாளப் பழிவாங்க எம்புள்ள வயிறுதான் கெடச்சுச்சாக்கா?"

தமிழ்வாணி வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது.