ஈரத் தலை

பத்து மணிக்கு மேலிடத்து ஆட்கள் வார்டைப் பார்க்க வருகிறார்கள். அதனால் பன்னிரண்டு குழந்தைகளுக்கும் ஒன்பதரைக்குள் குளியல் முடிந்திருக்க வேண்டும் என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டாள். குளியல் குழந்தைகளுக்கா, வருகிறவர்களுக்கா என்று கேட்க சின்ன நர்ஸுக்கு நாக்கு நமநமத்தது. கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதற்காகவே வார்டில் அவளுக்கு ‘காலேஜ்’ என்று பட்டப்பெயர்.

குளியல் அறையில் மட்டும் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. தொட்டியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல்தான் வெந்நீர். கலக்கி, முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே குழந்தையைத் தூக்குவாள். இடது முன்கையில் கழுத்து சாய்ந்திருக்கும், விரல்கள் அக்குளைப் பிடித்திருக்கும். தலை கடைசியில். நனைத்த கையோடு துடைப்பாள், துடைத்த கையோடு குல்லா போடுவாள். பதினோரு குழந்தைகள் இப்படியே முடிந்தன.

பன்னிரண்டாவது, நேற்று சாயங்காலம் பிறந்த பெண். எடை ஒரு கிலோ தொள்ளாயிரம்.

“அது வேணாம் மேடம். ஒரு நாள்கூட ஆகல, ரெண்டு கிலோவும் இல்ல. சில்லிட்டுப் போயிடும்.”

“தலை பூரா பிறந்தப்ப இருந்த ரத்தமும் வெள்ளை மாவுமா ஒட்டிட்டிருக்கு. வர்றவங்க கண்ணு நேரா அங்கதான் போகும்.”

“குளிப்பாட்டக் கூடாதுன்னு நாமதானே சுவத்துல எழுதி ஒட்டியிருக்கோம்?”

“எழுதினது நீதானே, காலேஜ்? கையெழுத்து நல்லாருக்கேன்னு ஒட்டச் சொன்னேன். உன்கிட்ட பாடம் கேக்க வரல. தூக்கிட்டுப் போ.”

கட்டிலில் இருந்த தாய் சிரித்தாள். “குளிச்சா நல்லா தூங்குவால்ல, சிஸ்டர்?”

சின்ன நர்ஸ் குளியல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நின்று சண்டை போட்டால் வேலை போகும். வேலை போனால் வீடு படுத்துவிடும். யோசித்தாள். குழந்தையின் உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. பஞ்சை நனைத்துத் தலையை மட்டும் துடைத்தாள், முடியை ஒரு பக்கமாக வாரிவிட்டாள். ஈரம் தெரிந்தால்தானே தலைமை நர்ஸ் நம்புவாள் என்று தலையை உலர்த்தாமல் விட்டாள். காட்டிவிட்டு வந்து குல்லா போட்டால் போயிற்று, ரெண்டு நிமிஷம். குளியல் பட்டியலில் பன்னிரண்டாவது வரியில் ‘குளியல் முடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். தலைமை நர்ஸையே ஏமாற்றிவிட்டோம் என்று அவளுக்குக் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது.

கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சட்டைகள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார்கள். தலைமை நர்ஸ் குழந்தையை வாங்கி, வாசலருகே மின்விசிறிக்கு நேர் கீழே, வரிசையின் முதல் தொட்டிலில் கிடத்தினாள்.

“மேடம், குல்லா...”

“இவ்வளவு அழகா வாரிட்டு ஏன் மூடறே? இங்க வா, சார் ஏதோ கேக்கறார்.”

சுவரில் ஒட்டியிருந்ததை யார் எழுதியது என்று அவர் கேட்டார். வரிவரியாக விளக்கச் சொன்னார். பச்சைக் குழந்தைக்குச் சூடு தலை வழியாகத்தான் அதிகம் போகும், ஈரத்தோடு விடவே கூடாது என்று அவள் விளக்கினாள். விளக்கும்போதே கண் வாசல் பக்கம் ஓடியது. நடுவில் விலகப் பார்த்தாள். தலைமை நர்ஸ் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். படம் எடுத்தார்கள். இருபது நிமிஷம்.

ஓடிப்போய்த் தொட்டபோது குழந்தையின் பாதம் ஈரக் கல் மாதிரி இருந்தது. அழக்கூட இல்லை. முப்பத்தாறரையாவது இருக்க வேண்டிய சூடு முப்பத்தைந்து புள்ளி இரண்டு. சூட்டுப் பெட்டி ஒன்றுதான். அதில் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள்.

கூப்பிட்டதும் ஓடிவந்த வார்டு டாக்டர் குளியல் பட்டியலைப் புரட்டினார். “இந்த எடையில யார் குளிப்பாட்டினது?”

“குளிப்பாட்டல டாக்டர். தலையை மட்டும்தான்...”

“அப்போ இந்தக் கையெழுத்து?”

தலைமை நர்ஸ் முந்திக்கொண்டாள். “நான் குளிப்பாட்டச் சொன்னேன்தான். நனைச்ச தலையைத் துடைக்கவுமா சொல்லணும்?”

தலைமை நர்ஸ் சொன்னதில் பாதி உண்மை என்று சின்ன நர்ஸுக்குத் தெரியும்.

குழந்தையைத் துடைத்து, குல்லா போட்டு, தாயின் வெறும் மார்பில் படுக்கவைத்துப் போர்த்தினாள். இனி அந்த உடம்புச் சூடுதான் கதி.

“நான் ராத்திரி சரியா போர்த்தலையா, சிஸ்டர்?” தாய் கேட்டாள்.

“நீங்க இல்லம்மா. தலையை ஈரமா விட்டது நான்.”

தாய் அவளை வெறித்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று சின்ன நர்ஸ் காத்திருந்தாள். திட்டவில்லை.

“இப்ப என்ன பண்ணணும்? சொல்லுங்க.”

“அசையாம இருங்க. வேற ஒண்ணும் பண்ண முடியாது.”

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தாள். முப்பத்தைந்து புள்ளி இரண்டு. தெர்மாமீட்டரை உதறிவிட்டு மறுபடி வைத்தாள். அதே இரண்டு.