சிரிக்கும் படம்

பிப்ரவரி 17, 2024, சனிக்கிழமை. இரவெல்லாம் கொட்டிய பனி விடியலில் ஓய்ந்திருந்தது. அமெரிக்க ஊரான பிஸ்கட்டவேயின் வானம் ஈயத் தகடாய்க் கிடந்தது.

இறுதிச்சடங்குக் கூடத்தில், சவப்பெட்டியின் தலைமாட்டில் இருந்த படத்தை ஜோவானா கவிழ்த்து வைத்தாள். அவளுடைய தாய் அல்போன்சா அதை மறுபடியும் நிமிர்த்தினாள்.

“இந்த போட்டோ வேண்டாம்மா.”

“ஏன்டி? பிள்ளை எவ்ளோ அழகா சிரிக்கிறான்.”

பெட்டிக்குள் அல்போன்சாவின் மகன், இருபத்து நான்கு வயது ஷைன், சிரிக்காமல் கிடந்தான். அவன் அறையில் மாத்திரைகள் கிடந்தன என்று போலீசார் கூறியிருந்தனர். கேட்பவர்களிடமெல்லாம் மாரடைப்பு என்று கூறிக்கொண்டிருந்தார் தந்தை சாந்தகுமார்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு வசந்தாமணி. அல்போன்சாவின் கைகளைப் பற்றிக்கொண்டார்.

“போன ஞாயித்துக்கிழமைதான் என் கார் டயர மாத்திக் குடுத்தான். ‘கூலியா ஒரு ஃபில்டர் காபி போதும் ஆன்ட்டி, ஆனா உங்க வீட்டு காபி தண்ணியா இருக்கும், பரவால்ல’ன்னான். அப்படி ஒரு குணம் அந்தப் பிள்ளைக்கு.”

அவர் நகர்ந்து சென்று பின்வரிசையில் அமர்ந்ததும் ஜோவானா தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“அது அவன் குணம் இல்லம்மா. அவன் சிரிச்சுப் பேசினா மாத்திரை எடுத்திருக்கான்னு அர்த்தம். எடுக்காத அன்னைக்குத்தான் மூஞ்சத் தூக்கி வெச்சுப்பான், கத்துவான். காலேஜ்லேர்ந்தே அப்படித்தான்.”

“எனக்குக் கால் பிடிச்சு விடுவானே, அது?”

ஜோவானா ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தாள்.

“தெரிஞ்சும் ஏன்டி என்கிட்ட சொல்லல?”

“நீ அப்பல்லாம் ரொம்ப ஹேப்பியா இருந்தம்மா.”

அல்போன்சா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தாள். மகன் கொஞ்சிப் பேசிய நாள்களிலெல்லாம் மாதாவுக்கு மெழுகுத்திரி ஏற்றியவள் அவள். அவன் சிடுசிடுத்த நாள்களில் எவர் கண் பட்டதோ என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். அந்த நாள்களில்தான் அவன் அவனாக இருந்தான் போலும்.

செவ்வாய் மாலை அவள் முன் வந்து நின்றது. மறுநாள் விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கினால் அவ்வீட்டில் கறி கிடையாது. ஆதலால் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஷைன் சமையலறைக்குள் வந்தான். நெற்றி வியர்த்திருந்தது, விரல்கள் நடுங்கின. ஃப்ளூ என்றே அவள் எண்ணினாள்.

“நாளையிலேர்ந்து நானும் ஒண்ண விடப்போறேம்மா.”

“கறியவா? நீயா? நாலு நாள் தாங்க மாட்ட.”

“கிண்டல் பண்ணாத.” அவன் கை வீசியதில் கரண்டி பறந்தது. சுவரெங்கும் குழம்பு தெறித்தது.

அவள் குனிந்து துடைத்தபடியே சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை எவ்ளோ நல்லா இருந்த. அந்த மாதிரி இருடா. அந்தப் பிள்ளைதான் எனக்கு வேணும்.”

ஷைன் அவளை நெடுநேரம் பார்த்தான். பின்பு, “சரிம்மா” என்று மாடியேறினான்.

சற்றைக்கெல்லாம் இறங்கி வந்தவன் சிரித்தான். இரண்டு முறை கறி கேட்டு வாங்கி உண்டான். “அல்போன்சா மேடம், இந்தக் கைக்கு ஒரு வளையல் போடணும்” என்று அவளது கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அன்றிரவும் அவள் மெழுகுத்திரி ஏற்றினாள். காலையில் விபூதி பூசிக்கொள்ளக் கோவிலுக்கு அழைத்தபோது அவன் எழவில்லை.

கூடத்தில் ஆட்கள் சேர்ந்துவிட்டனர். அல்போன்சா எழுந்து சென்று படத்தைத் தானே கவிழ்த்து வைத்தாள். ஜோவானா அவளருகே வந்து நின்றாள்.

வாசலில் சாந்தகுமார் எவரிடமோ கூறிக்கொண்டிருந்தார்: “தூக்கத்துலயே போயிட்டான். ராத்திரி ரெண்டு, ரெண்டரை இருக்கும்ங்கிறாங்க.”

அவன் போன நேரம் அதுவல்ல என்று அல்போன்சாவுக்குத் தெரியும். “சரிம்மா” என்று அவன் திரும்பியபோது, குழம்பை இறக்கும் நேரமாயிற்றா என்று அவள் அடுப்புக் கடிகாரத்தின் பச்சை எண்களைப் பார்த்திருந்தாள்.

மாலை ஆறு நாற்பத்திரண்டு.