லேத் மாமாவின் ஐந்து மணி வருகை

டீச்சருக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிப் பத்து நாள் ஆகிறது. புற்றா இல்லையா என்று இன்னும் சற்று நேரத்தில் டாக்டர் சொல்லப்போகிறார். பக்கத்து நாற்காலியில் புருஷனோ போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் போனில் தினமும் ஐந்து மணிக்கு ஒரு பெண் நேரலையில் பழைய மிக்ஸிகளைப் பிரித்துப் பழுது பார்ப்பாள். மிக்ஸியைத் தொடுமுன் வருகைப் பதிவு எடுப்பாள். ஒவ்வொருவரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட, அவர்கள் 'வந்துட்டேன்' என்று எழுத வேண்டும். நேற்று வராதவர் காரணம் சொல்லியாக வேண்டும். லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற இந்த மனிதர் அங்கே 'லேத் மாமா'. வீட்டில் நாலு தரம் கூப்பிட்டாலும் 'ம்' கொட்டாதவர், அங்கே ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

"இங்கேயுமா? நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்கேன், உங்களுக்கு மிக்ஸி கேக்குதா?"

"ஒரு நிமிஷம்மா. என் பேரு வந்துடும்."

"இந்தப் பத்து நாள்ல 'பயமா இருக்கா'ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

டீச்சர் போனை வெடுக்கென்று பிடுங்கினாள். அணைப்பதற்குள் அந்தப் பெண்ணின் குரல் வந்துவிட்டது.

"லேத் மாமா, வந்துட்டீங்களா? அத்தைக்கு ரிப்போர்ட் இன்னிக்குத்தானே? உங்களுக்குச் சோறே இறங்கலைன்னு சொன்னதிலிருந்து எங்களுக்கும் வேலை ஓடலை."

திரையில் மளமளவென்று எழுத்துகள் ஏறின. அத்தை தைரியமா இருக்காங்களா? டாக்டர் கூப்பிட்டாச்சா? முகம் தெரியாத இத்தனை பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க. கட்டினவகிட்ட சொல்ல மட்டும் வாயில்லையா?"

"உன் முகத்தைப் பாத்துக் கேட்டா அழுதுடுவேன். அங்கே தினம் ஒருத்தர் விடாம விசாரிக்கிறாங்க. எழுதிடலாம், அவ்வளவுதான்."

"அழுதா அழுங்களேன்! பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு நான் தனியா அழுதேனே, அதுக்கு இது எவ்வளவோ மேல்!"

நர்ஸ் கதவைத் திறந்து டீச்சரைக் கூப்பிட்டாள். அவர் வழக்கம்போல வெளியிலேயே இருக்கப் பார்த்தார். டீச்சர் ஒற்றை விரலால் போனில் தட்டினாள்: 'நான் அத்தை. மாமாவையும் உள்ளே இழுத்துட்டுப் போறேன். யாரும் போயிடாதீங்க.'

போனை அணைக்காமல் பைக்குள் போட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்து எழுப்பினாள்.