நின்றுபோன மணி

டங்!

வடசேரி பஸ்ஸை விட்டு ஜஸ்டஸ் இறங்கியதும் சபைக் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. அப்பாவுக்குத்தான். செத்தவர் வயதுக்கு ஒன்றாக அடிப்பது அந்தச் சபையின் வழக்கம். அப்பாவுக்கு அறுபத்திரண்டு. காலையில் தந்தி கண்டு திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்டவன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எண்ணியபடியே நடந்தான்.

பத்தொன்பதோடு மணி நின்றுவிட்டது.

கயிறு அறுந்திருக்கும் என்று நினைத்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்பா சுந்தரராஜைக் கட்டிலில் கிடத்தித் தாடையைக் கட்டியிருந்தார்கள். சுற்றியிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். சபை மூப்பர் ஞானசிங் அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். துவைகல்லில் ஒரு பீங்கான் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது.

“மனசக் கல்லாக்கிட்டுக் கேளு மக்கா. நேத்து சாயங்காலம் உங்க அப்பா சானல் வாய்க்காக் கரையில இருந்தாரு. அவரு எந்திரிச்சுப் போன எடத்துல ஒதளங்காத் தோடு கெடந்துச்சாம், உள்ள பருப்பு இல்லாம. அந்த வெஷப் பருப்பக் கஞ்சியிலதான கலக்கிக் குடிப்பானுவ. எனக்க வீட்டுக்காரி பாத்திருக்கா.”

“மாமா…”

“வயித்துக் கட்டியோட ஒரு வருசமா அவரு பட்ட பாட்ட நானும் பாத்தேன். ஆனா விஷத்தத் தின்னு தானா போனவனுக்கு மணியும் கெடையாது, கல்லறத் தோட்டத்துல எடமும் கெடையாது. நான் போட்ட சட்டமாலே இது?”

கல்லறைத் தோட்டத்தில் அம்மா ராஜபாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் எட்டு வருஷமாகக் காலியாகக் கிடந்தது. ஞாயிறுதோறும் அப்பா அங்கே போய்ப் புல் பிடுங்குவார்.

“போலீசுக்குச் சொன்னா ஆசுபத்திரியில போட்டுக் கீறுவான். அது வேண்டாம். சர்வகலாசாலையில நீ இந்த ஒதளத்தத்தானலே ஆராய்ச்சி பண்ணுத? ‘தவளையக் கீறதுக்கு ஒரு படிப்பா’ன்னு நானே உன்னக் கேலி பண்ணிருக்கேன். இப்ப நீயே பாத்துச் சொல்லு. வெஷம் இல்லன்னு நீ சொன்னா இல்ல. நாலு மணிக்கு அடக்கம்.”

ஜஸ்டஸ் அடுக்களைப் பக்கம் நடந்தான். போன கிறிஸ்மசுக்கு வந்திருந்தபோது அப்பா கேட்டார். “ஒதளம் தின்னவன இனி கண்டுபிடிச்சிரலாமாலே?” அவனும் பெருமையாகச் சொல்லியிருந்தான். “இனிமே தப்ப முடியாதுப்பா.”

அக்கா நேசபாய் அடுக்களை வாசலில் நின்றாள். அழுது ஓய்ந்த முகம்.

“ராத்திரி அப்பா என்னக்கா சாப்பிட்டாரு?”

“கஞ்சிதான். முழுசாக் குடிக்கல.”

உள்ளே போனவள் திரும்பி வர நேரமாயிற்று. கொண்டுவந்து நீட்டிய கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் கஞ்சி இருந்தது.

கொல்லைக்கு அப்பால் வயலில் இறங்கி அவனே ஒரு தவளையைப் பிடித்தான். நேசபாய் லேஸ் பின்னும் தலையணையிலிருந்து ஆறு ஊசிகளைப் பிடுங்கித் தந்தாள். தவளைக்கு வலி தெரியாதபடி முதலில் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, பலகையில் அதை ஊசிகளால் பொருத்தி, பிளேடால் நெஞ்சைத் திறந்தான். குன்றிமணி அளவு இதயம் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. துணியில் வடித்த கஞ்சித் தெளிவைச் சொட்டுச் சொட்டாக அதன்மேல் விட்டான்.

“எப்பிடித் தெரியும்?” என்றார் மூப்பர்.

“ஒதளம் இருந்தா இறுகி, வெளுத்து, நின்னுரும். அரமணிக்கூர் பாக்கணும் மாமா.”

நின்றால் நின்றது என்று சொல்லிவிடுவதாகத்தான் முடிவு செய்திருந்தான். பொய் சொன்னால் திருவனந்தபுரத்துக்குத் திரும்பிப் போய் அந்த ஆராய்ச்சி மேஜைமுன் உட்கார முடியாது. உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் உட்கார முடியாது.

மூப்பர் கடிகாரத்தையும் தவளையையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து நிமிஷம். இருபது. கிணற்றுக் கயிற்றில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. நாற்பது நிமிஷமும் ஆயிற்று.

“ஏலே, நம்ம உபதேசியாரு பிரசங்கம் மாதிரில்லா இது நிக்காம ஓடுது!”

ஜஸ்டஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “ஆமா மாமா. கஞ்சியில ஒதளம் இல்ல.”

மூப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். சற்று நேரத்தில் மணி முதலிலிருந்து அடித்தது. அப்பாவின் கால்மாட்டில் நின்று ஜஸ்டஸ் எண்ணினான். அறுபத்திரண்டும் குறையாமல் விழுந்தது.

நாலு மணிக்கு அப்பாவை அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

ஊரார் கலைந்த பிறகு, வெயில் சாயும் நேரத்தில் நேசபாய் அந்த ஆறு ஊசிகளையும் கழுவி, ஒவ்வொன்றாக முந்தானையில் துடைத்து, தலையணையில் பழைய இடத்திலேயே குத்திக்கொண்டிருந்தாள்.

“மிச்சக் கஞ்சிய ஒரு குப்பியில அடச்சித் தாக்கா. அங்க கொண்டுபோயி இன்னொரு தடவ பாத்து எழுதி வைக்கணும்” என்றான் ஜஸ்டஸ்.

கடைசி ஊசி அவள் விரலிலேயே நின்றது.

“அத எழுதி வைக்காத மக்கா. அது நான் குடிச்ச மிச்சம். அப்பாக்க கிண்ணத்த விடியும் முன்னேயே கழுவிக் கவுத்திட்டேன்.”