அதைவிட மெல்லிசான ஊசி

1

என் தங்கச்சி பத்மாசினி நேற்றுச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் அழுதாள். இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல் வைத்தியராக இருக்கிறாள். "எழுதுறதெண்டால் எனக்கும் விளங்கிற மாதிரி எழுதக்கா," என்றாள்.

2

'வல்வெட்டித்துறைக் கடலில் எந்தக் காற்றுக்கும் அசையாத றஞ்சித், முப்பதாம் இலக்கத் தடித்த ஊசியைக் கண்டதும்—'

என்று தொடங்கினேன். இல்லை, பிழை. இலக்கம் கூடினால் ஊசி மெல்லிசாம். முப்பது மெல்லிசு, இருபத்தேழு தடிப்பு. எனக்கு இதுவே மாறி மாறிப் போகிறது.

3

நடந்ததைச் சொல்கிறேன். றஞ்சித் மீன்பிடிப் படகு ஓட்டுகிறவர். கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டிக் கன்னம் வீங்கியிருந்தது. வீக்கம் தொண்டைக்கு இறங்கிவிடுமோ என்று பத்மா பயந்தாள். பல்லைச் சுற்றிய முரசில், அதுதான் ஈறில், விறைக்கிற மருந்து போட, இருந்ததிலேயே மெல்லிய ஊசியை எடுத்தாள். குத்தியதும் அவர் துடித்து, அவள் கையைத் தட்டிவிட்டு எழும்பிப் போய்விட்டார். மனைவி பிரியந்தினியிடம் சீழுக்கு விழுங்குகிற குளிசை மட்டும் கொடுத்துவிட முடிந்தது.

இரண்டு நாளில் பிரியந்தினி அவரைக் காய்ச்சலோடு திரும்பக் கூட்டிவந்தாள். மெல்லிய ஊசி முடிந்திருந்தது. தடித்ததுதான் இருந்தது.

"அண்டைக்குப் போட்ட ஊசியோ?"

"இல்லை அண்ணை. இது அதைவிட மெல்லிசு."

மருந்தை மெல்ல மெல்ல இறக்கினாள். பல் வந்தது.

"நோகவேயில்லை, தங்கச்சி! உந்த ஊசியை முதலே போட்டிருக்கலாமே?"

பிரியந்தினி பத்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

(இடைக்குறிப்பு: ஊசியின் தடிப்பைப் பலரால் பிரித்தறிய முடிவதில்லையாம். மருந்தை இறக்கும் வேகம்தான் கூடுதலான நோவைத் தருமாம். அப்படியென்றால் முதல்நாள் ஏன் நொந்தது? "நான் பதறிக் கெதியா இறக்கினனோ? சீழாலையோ? பிறகு குளிசை வேலை செய்ததோ? இல்லாட்டி என்ரை பொய்யோ? தெரியேல்லை அக்கா.")

4

நேற்று றஞ்சித் மற்றப் பக்கப் பல்லைக் காட்ட வந்தார். அதையும் பிடுங்கவேண்டும். "அந்த மெல்லிய ஊசிதான் வேணும். உங்களை நம்பித்தான் வாறன்," என்று நாளைக்கு நேரம் கேட்டுப் போயிருக்கிறார்.

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள். அவர் எழும்பிப் போகிறார், இனி எந்த வைத்தியரிடமும் போகமாட்டார்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். அவர் சிரிக்கிறார். (இது என் ஆசை. அடித்துவிடுங்கள்.)

முடிவு மூன்று: சொல்லவில்லை. அவருக்கு நோகவில்லை. அவளுக்கு

இதற்குமேல் எனக்கு வரவில்லை. நாளைக் காலை அவர் அந்தக் கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, வாயைத் திறப்பார். பத்மா ஊசியோடு நிற்பாள். வாசிக்கிற நீங்களாவது சொல்லுங்கோ: அவள் முதலில் கதைக்கிறதோ, குத்துகிறதோ?